காசா, சோறா: போர்ட் பிளேரின் மதியச் சாப்பாடும் கடல் கடந்த விலையும்

போர்ட் பிளேரின் அபர்டீன் கடைத்தெருவில் மணிக்கூண்டைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளின் விலைப்பலகைகளை ஒரு வரலாற்று ஆவணமாகவே வாசிக்கலாம். இட்லிக்கும் தோசைக்கும் எதிரே உள்ள எண்கள் மாறினால் யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் 'சாப்பாடு' என்ற சொல்லுக்கு எதிரே உள்ள எண்ணின்மீது புதுத் தாள் ஒட்டப்பட்டால், அன்று மதியம் கல்லாவில் ஒரு பேச்சு எழுகிறது. இந்த விலைக்கு இந்தச் சாப்பாடு தகுமா என்பதே அப்பேச்சின் சாரம். (2024 செப்டம்பரில் இந்நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. கீழே பேசப்படுவன பெரும்பாலும் அதற்கு முற்பட்டவை என்பதால் பழைய பெயரே இங்கு ஆளப்படுகிறது.)

ஒரே விலைக்குச் சோறு, சாம்பார், ரசம், மோர், கூட்டு, பொரியல், அப்பளம், ஊறுகாய் என்று அனைத்தையும் அடக்கித் தரும் ஏற்பாட்டைத் தமிழர் 'முழுச் சாப்பாடு' என்றும் 'அளவுச் சாப்பாடு' என்றும் இரண்டாகப் பிரித்து வழங்குகின்றனர். உலகின் பல நகரங்களில் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. பிரிட்டனின் பல்பொருள் அங்காடிகளில் ஒரு சாண்ட்விச், ஒரு நொறுக்குத் தீனி, ஒரு பானம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் 'மீல் டீல்' அலுவலகம் செல்வோரின் மதிய உணவாகவே ஆகிவிட்டது. டெஸ்கோ நிறுவனம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் 3 பவுண்டாக வைத்திருந்த அதன் விலையை 2022 அக்டோபரில் உறுப்பினர் அட்டை உள்ளோருக்கு 3.40 பவுண்டாகவும் மற்றவர்களுக்கு 3.90 பவுண்டாகவும் உயர்த்தியபோது அது நாளிதழ்ச் செய்தியாயிற்று. வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனால் எவ்வளவு மிச்சம் என்று பலரும் கணக்குப் போட்டனர். அந்தக் கணக்கில் ஓர் எடுகோள் மறைந்திருக்கிறது. கணக்குப் போடுபவருக்கு வீட்டில் ஓர் அடுப்பும், அதன்முன் நிற்க அரைமணி நேரமும் உண்டு என்பதே அது.

அந்தமானில் அந்த எடுகோள் பலருக்குப் பொருந்துவதில்லை. அங்கு மதியச் சாப்பாட்டின் விலையைப் புரிந்துகொள்ள, சோற்றையும் காசையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றாக அரசு வைத்த காலத்திலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காள மாகாணச் சிறைகள் பலவற்றில் கைதிக்குச் சமைத்த உணவு வழங்கப்படவில்லை. நாளொன்றுக்கு இவ்வளவு என்று காசு வழங்கப்பட்டது. அவர் அதைக் கொண்டு அரிசியோ மாவோ விறகோ வாங்கித் தாமே பொங்கி உண்டார். மலிவாகக் கிடைத்த நாளில் சிறிது மிச்சம் பிடிக்கவும், கடைக்காரரிடம் பேரம் பேசவும் அவருக்கு இடம் இருந்தது. 1840களில் அரசு இம்முறையை மாற்றிப் பொதுச் சமையலைப் புகுத்தியது. ஒரே உலை, ஒரே அளவு, ஒரே நேரம். இதை எதிர்த்துப் பீகார்ச் சிறைகளில் கலகங்கள் மூண்டன. ஆனந்த் யாங், டேவிட் ஆர்னால்டு முதலிய வரலாற்றாசிரியர்கள் இக்கலகங்களை விரிவாக ஆராய்ந்துள்ளனர். யார் சமைத்த உணவை யார் உண்பது என்னும் சாதி வழக்கே அவற்றின் முதற்காரணம். எனினும் சாதியோடு நிறுத்திக்கொண்டால் இன்னொன்று கண்ணில் படாமல் போகும். காசு கைமாறிய வரை கைதி ஒரு சிறு நுகர்வோராக இருந்தார். அளவுச் சோறு வந்தபின் அந்த நிலை பறிபோயிற்று. சந்தையில் விலை ஏறினால் என்ன செய்வது, எதைக் குறைப்பது என்ற முடிவு அவர் கையிலிருந்து சிறை அதிகாரியின் கைக்குச் சென்றது.

இந்த மாற்றம் நிகழ்ந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தமான் தண்டனைக் குடியேற்றம் தொடங்குகிறது. ஆர்ச்சிபால்டு பிளேர் 1789இல் சாத்தம் தீவில் அமைத்த முதற் குடியேற்றம் வடக்கே இடம் மாற்றப்பட்டு, நோயும் சாவும் மலிந்தமையால் 1796இல் கைவிடப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பின் அரசு மீண்டும் அத்தீவுகளை நாடியது. 1858 மார்ச் 10ஆம் நாள் இருநூறு கைதிகளுடன் வந்திறங்கிய ஜே. பி. வாக்கர், அதற்கு முன் ஆக்ரா சிறையின் கண்காணிப்பாளராக இருந்தவர். வடஇந்தியச் சிறை நிர்வாகம் கற்றுக்கொண்ட பாடங்கள் அவரோடு கப்பலேறி வந்தன என்று சொல்வதில் பிழையில்லை. ஆனால் ஆக்ராவுக்கும் போர்ட் பிளேருக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு இருந்தது. ஆக்ராவில் சிறைக்கு வெளியே ஒரு சந்தை இருந்தது. போர்ட் பிளேரில் வெளியே காடும் கடலும் இருந்தன. அரிசி கப்பலில் வர வேண்டும். கல்கத்தா, ரங்கூன், சென்னை ஆகிய துறைமுகங்களோடு தீவை இணைத்த கப்பல் தடமே அதன் உணவுத் தடமும் ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பேரரசின் கெசட்டியர் விவரிக்கும் தண்டனை ஏற்பாடு இதன் பொருளாதாரத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆயுள் தண்டனைக் கைதி முதல் ஆறு மாதம் தனிக்கொட்டடியில் இருக்க வேண்டும். அடுத்த ஒன்றரை ஆண்டு வேறொரு சிறையில் பிறரோடு சேர்ந்து உழைக்க வேண்டும். அதன்பின் மூன்று ஆண்டுகள் வெளியே கடும் உழைப்பு. பின்வரும் ஐந்து ஆண்டுகளில் சற்று எளிய வேலையும், சிறு வசதிகளுக்காகவோ சேமிப்புக்காகவோ மிகச் சிறு தொகையும் கிடைக்கும். பத்து ஆண்டுகள் முடிந்தபின் அவர் 'செல்ஃப் சப்போர்ட்டர்' ஆகலாம். ஊரில் நிலம் பெற்று உழலாம், மாடு வளர்க்கலாம், மணம் செய்துகொள்ளலாம். தீவை விட்டு அனுமதியின்றிச் செல்ல முடியாது, சோம்பியிருக்கவும் முடியாது. அரசின் உணவும் இனி இல்லை.

இதைக் கைதிக்கு மெல்ல மெல்ல வழங்கப்பட்ட விடுதலை என்று எழுதுவோர் உண்டு. அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. கடல் கடந்து வரும் ஒவ்வோர் அரிசி மூட்டைக்கும் சரக்குக் கட்டணம் செலுத்திய நிர்வாகத்தின் பேரேட்டில், ஒரு கைதி தம் உணவைத் தாமே தேடிக்கொள்ளத் தொடங்கும் நாள் ஒரு வயிறு குறையும் நாள். அளவுச் சோறு உண்பவர் பாதுகாப்பாகவும் அடிமையாகவும் இருந்தார். தாமே தேடி உண்பவர் ஓரளவு சுதந்திரமாகவும், மழை பொய்த்தால் பசியோடும் இருந்தார். கடலின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இவை இரு வேறு விடைகள்.

1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் அளவுச் சோற்றின் கொடிய வடிவம் காணக் கிடைக்கிறது. அலிப்பூர் வழக்கில் தண்டிக்கப்பட்ட பாரீந்திர குமார் கோஷ் பின்னர் எழுதிய நினைவுக் குறிப்பில் (1922இல் புதுச்சேரி ஆரியா அலுவலகம் அதன் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டது) கஞ்சி, சோறு, ரொட்டி, பருப்பு என்று அன்றாட உணவு பேசப்படுகிறது. உணவு அங்குத் தண்டனையின் ஓர் உறுப்பாகவே இருந்தது. 1933 மே மாத உண்ணாநோன்பின் கோரிக்கைகளில் உண்ணத்தக்க உணவும் ஒன்று. அந்நோன்பில் வலிந்து உணவு புகட்டப்பட்டதன் விளைவாக மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிரிழந்தனர். நல்ல உணவு கேட்டவர்கள் உணவு திணிக்கப்பட்டு மாண்டனர் என்ற இச்செய்தி பாடநூல்களில் ஒரு வரியாகக் கடந்து செல்லப்படுவது வருந்தத்தக்கது.

கப்பல் தடம் அறுந்தால் என்ன ஆகும் என்பதை 1942 காட்டியது. மார்ச் 8இல் ரங்கூன் வீழ்ந்தது. மார்ச் 23இல் சப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கினர். தொடக்கத்தில் இருந்த கையிருப்பு கரைந்தபின், நேச நாட்டு நீர்மூழ்கிகள் கடல்வழியை நெரிக்க, தீவுகளில் பஞ்சம் பரவியது. சப்பானிய இராணுவம் மக்களைக் கட்டாய விவசாயத்தில் இறக்கியது. 1945 ஆகஸ்டில், போர் முடியும் தறுவாயில், பயிர் செய்ய அழைத்துச் செல்வதாகச் சொல்லி நூற்றுக்கணக்கானோர் படகுகளில் ஏற்றப்பட்டு ஹேவ்லாக் தீவின் அருகே கடலில் தள்ளப்பட்டனர். கரையேறியவர்களிலும் பெரும்பாலோர் பட்டினியால் மாண்டனர். உணவு போதாத இடத்தில் உண்பவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது என்ற கணக்கு, நிர்வாகக் கணக்காகவே செயற்படுத்தப்பட்டது. இத்தீவுகளில் உணவு விலையைப் பற்றி எழுதும் எவரும் அந்த ஆகஸ்டைத் தாண்டிச் செல்லக் கூடாது.

விடுதலைக்குப் பின் தண்டனைக் குடியேற்றம் இல்லை. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்கள் 1949 முதல் நிலம் பெற்றுக் குடியேறின. சோட்டா நாக்பூரிலிருந்து 'ராஞ்சி'த் தொழிலாளர் காடுகளுக்கு வந்தனர். தமிழர்கள் துறைமுகம், பொதுப்பணி, கட்டடம், வணிகம் ஆகியவற்றை நாடி வந்தனர். இலங்கையிலிருந்து சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின்படி திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் 3,80,581 மக்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர்.

குடும்பத்தோடு வந்தவர்களைவிடத் தனியாக வந்த ஆண்களின் உணவு வரலாறே இக்கட்டுரைக்கு முதன்மையானது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று இரவுகள். அந்தக் கப்பலிலேயே சாப்பாட்டு ஏற்பாடு அவர்களுக்கு அறிமுகமாகிவிடுகிறது. பங்க் வகுப்புக்கு ஒரு சாப்பாடு, கேபின் வகுப்புக்கு வேறொரு சாப்பாடு, இரண்டுக்கும் வெவ்வேறு கட்டணம். கரையிறங்கியபின் நான்கைந்து பேர் பகிரும் அறை. அதில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பி மாலையில் திரும்புபவர் மதியச் சோற்றை எங்கு உண்பார்? இந்தக் கேள்விக்கு விடையாகவே தமிழ் மெஸ்கள் தோன்றின. ஊர்க்காரர் ஒருவர் நடத்தும் கூடம், பற்று நோட்டு, மாதம் முடிந்ததும் தீர்க்கும் கணக்கு, சம்பளம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளும் கடன். மெஸ்ஸின் சாப்பாட்டு விலைக்குள் அரிசியும் பருப்பும் மட்டும் இல்லை. இந்தக் கடனும், பாத்திரம் கழுவும் கையும், நேரமும் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

அதில் கடலும் அடங்கியிருக்கிறது. தீவுகளில் நெல் விளைகிறது. ஆனால் தேவைக்குப் போதுமானதாக ஒருபோதும் இருந்ததில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கும் நிலத்தாழ்வுக்கும் பின், சிப்பிகாட் போன்ற இடங்களில் வயல்களாக இருந்த பகுதிகள் உப்புநீருக்குள் சென்றன. நீல் தீவு (இன்றைய ஷாகீத் தீவு) போர்ட் பிளேருக்குக் காய்கறி அனுப்புகிறது. ஆனால் வெங்காயம், உருளைக்கிழங்கு, துவரம்பருப்பு, புளி, எண்ணெய், மிளகாய் எல்லாம் கப்பலை நம்பியவை. ஒரு சாம்பாரின் உட்பொருள்களை எண்ணிப் பார்த்தால் தண்ணீரும் முருங்கைக்காயும் தவிர மற்றவை பெரும்பாலும் கடல் தாண்டியவை. தலைநிலத்தில் மீன் சாப்பாடு என்றால் கூடுதல் விலை, காய்கறிச் சாப்பாடு என்றால் எளிமை. தீவில் இந்த வரிசை அவ்வளவு உறுதியானதன்று. மீன் அருகிலேயே கிடைக்கிறது, வெங்காயத்துக்குத்தான் சரக்குக் கட்டணம்! புயல் எச்சரிக்கையால் கப்பல் இரண்டு நாள் தாமதமானால், முதலில் பொரியல் மாறுகிறது, பிறகு கூட்டு மறைகிறது. விலைப்பலகை மாறுவது கடைசியில்தான்.

இந்த வரிசைமுறை தீவுக்கு மட்டும் உரியதன்று. விலை நிலைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் வரும்போது சாப்பாடு எப்படி மாறுகிறது என்பதற்குப் பெங்களூரின் எம்.டி.ஆர். உணவகத்தின் வரலாறு நன்கு அறியப்பட்ட சான்று. 1970களின் நடுவில், நெருக்கடி நிலைக் காலத்தில், உணவகங்களின் விலைகளை அரசு கட்டுப்படுத்தியது. அந்த விலையில் தம் தரத்தைக் காக்க இயலாது என்று அந்நிறுவனம் உணவகத்தைச் சிலகாலம் மூடிவிட்டு, ரவை இட்லி மாவு போன்ற பொட்டலப் பொருள்களின் பக்கம் திரும்பியது. பெயர்பெற்ற நிறுவனத்துக்கு மூடுவதும் வேறு தொழிலுக்குத் திரும்புவதும் இயன்றன. எளிய மெஸ்ஸுக்கு அவை இயலா. அது சாம்பாரில் பருப்பைக் குறைக்கும், இரண்டாம் முறை சோறு கேட்பவரிடம் சற்றுத் தாமதித்து வரும், 'முழு' என்ற சொல்லைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு 'அளவு' என்று எழுதும். விலை உயராமலே விலை உயரும் வழிகள் இவை. புள்ளிவிவரங்களில் இவை பதிவாவதில்லை என்பதால், சாப்பாட்டு விலையை எண்ணாக மட்டும் தொடரும் ஆய்வுகள் அடிக்கடி ஏமாறுகின்றன.

2017 ஜூலை 1 தீவின் உணவகங்களுக்கு ஒரு புதிய கணக்கைக் கொண்டுவந்தது. அதற்கு முன் அந்தமான்–நிக்கோபாரில் மாநில அளவிலான மதிப்புக்கூட்டு வரி இல்லை, இலட்சத்தீவுகளிலும் இல்லை. நாட்டின் பிற பகுதிகள் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு மாறியபோது, இத்தீவுகள் அந்த அடுக்கில் முதன்முறையாக வரிக்குள் நுழைந்தன. தொடக்கத்தில் குளிர்சாதனம் இல்லாத உணவகங்களுக்கு 12 விழுக்காடு, குளிர்சாதன உணவகங்களுக்கு 18 விழுக்காடு. 2017 நவம்பர் 15 முதல் இது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆனால் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை நீக்கப்பட்டது. பொதுவாசகர் முதற்பகுதியை மட்டுமே கேள்விப்பட்டிருப்பார்; இரண்டாம் பகுதிதான் சமையலறைக்குள் வேலை செய்கிறது. வணிக எரிவாயு உருளைக்கு 18 விழுக்காடு வரி. அது திரும்பி வராது. சரக்குக் கட்டணத்தின் மீதான வரியும் திரும்பி வராது. பதிவு செய்யத் தேவையில்லாத அளவுக்குச் சிறிய மெஸ் வாடிக்கையாளரிடம் வரி வாங்குவதில்லை. ஆயினும் வாங்கும் பொருள்களில் வரி செலுத்திவிட்டே சமைக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான, முன்கூட்டியே கட்டிப் பெயரிட்ட அரிசிக்கும் பருப்புக்கும் 5 விழுக்காடு விதிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டுச் சந்தையில் உடனே 26 கிலோ மூட்டைகள் தோன்றின. வரியியல் மாணவர்கள் இதைவிடச் சுருக்கமான ஒரு பாடத்தை எங்கும் காண முடியாது.

அப்படியானால் ஒரு சாப்பாட்டின் உண்மையான அடக்கவிலை என்ன? தனியார் கடைக்காரர் அதை வெளியிட மாட்டார். அரசு நடத்தும் மலிவு உணவகங்களே சிலநேரம் அதை வெளிப்படுத்துகின்றன. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் சாம்பார் சோறு 5 ரூபாய், தயிர் சோறு 3 ரூபாய். இவை அடக்கவிலைகள் அல்ல என்பதை எவரும் அறிவர். எஞ்சியதை மாநகராட்சி சுமந்தது. 2020 ஜனவரியில் மகாராட்டிரம் தொடங்கிய சிவ போஜனத் திட்டம் இன்னும் வெளிப்படையானது. இரண்டு சப்பாத்தி, காய்கறி, சோறு, பருப்பு கொண்ட தட்டுக்கு உண்பவர் 10 ரூபாய் தந்தார். நகர்ப்புறத்தில் ஒரு தட்டின் விலை 50 ரூபாய் எனவும் கிராமப்புறத்தில் 35 ரூபாய் எனவும் அரசே நிர்ணயித்து, வேறுபாட்டை உணவகத்துக்குச் செலுத்தியது. கப்பல் ஏறாத, மிக எளிய ஒரு தட்டுக்கு அரசு ஒப்புக்கொண்ட விலை அது. நாடாளுமன்ற உணவகத்திலும் 2021 ஜனவரியில் மானியம் நிறுத்தப்பட்டபோது காய்கறிச் சாப்பாட்டின் விலை 60 ரூபாயிலிருந்து 100 ரூபாயானது. நாட்டின் மதியச் சாப்பாட்டு விலை பற்றி மக்கள் பிரதிநிதிகளுக்கு அன்று கிடைத்த அனுபவ அறிவு அதற்கு முன் கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால், தலைநிலத்துச் சாப்பாட்டைவிடச் சற்றுக் கூடுதலாக விற்கப்படும் போர்ட் பிளேர்ச் சாப்பாடு, கொள்ளை விலை என்ற குற்றச்சாட்டுக்கு எளிதில் உட்படாது. சுற்றுலா உணவகங்களின் நிலை வேறு. அங்கு விலையை நிர்ணயிப்பது கடற்கரையின் காட்சி. தொழிலாளர் உண்ணும் மெஸ்ஸின் விலையில் பெரும்பகுதி கடலுக்கும் எரிவாயுவுக்கும் வாடகைக்கும் சென்றுவிடுகிறது.

ஆனால் விலை நியாயமானது என்பதும், உண்பவருக்கு அது தாங்கக்கூடியது என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் குழப்பியதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2019–20 பொருளாதார ஆய்வறிக்கையின் 'தாலினாமிக்ஸ்' அத்தியாயம். 2006–07 முதல் 2019–20 வரையிலான காலத்தில் காய்கறித் தாலியின் வாங்குதிறன் 29 விழுக்காடும், அசைவத் தாலியின் வாங்குதிறன் 18 விழுக்காடும் மேம்பட்டதாக அது கணித்தது. தொழிலாளியின் கூலியோடு தட்டின் விலையை ஒப்பிட்ட அம்முயற்சி பயனுள்ளதே. எனினும் அது கணக்கிட்ட தட்டு வீட்டில் சமைத்த தட்டு. தானியம், பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் ஆகியவற்றின் விலைகள் அதில் உண்டு. சமைப்பவரின் உழைப்புக்கு அதில் விலை இல்லை. பெரும்பாலும் பெண்ணின் உழைப்பாகிய அது சுழியம் எனக் கொள்ளப்பட்டது. அடுப்பு வைக்கும் இடத்துக்கும் வாடகை இல்லை. அந்தத் தட்டு போர்ட் பிளேரில் அறை பகிர்ந்து வாழும் கொத்தனாரின் முன் வைக்கப்படுவதே இல்லை. அவர் வாங்குவது சமைத்த சோறு. அதன் விலையில் அந்த ஆய்வு விட்டுவிட்ட அனைத்தும் சேர்ந்திருக்கின்றன.

பொதுவிநியோகத் திட்டமும் இதே இடத்தில்தான் இடறுகிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கிலோ 3 ரூபாய்க்கு வழங்கப்பட்ட அரிசி, 2023 ஜனவரி முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' ஏற்பாடு 2022 ஜூனுக்குள் எல்லா மாநிலங்களையும் ஒன்றியப் பகுதிகளையும் எட்டிவிட்டது. எனவே இராமநாதபுரத்திலிருந்து சென்ற தொழிலாளி தம் பங்கைப் போர்ட் பிளேரில் பெறலாம் என்பது கொள்கை. ஆனால் இந்த இடமாற்ற வசதி தேசியச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைகளுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் ஏராளமானோர் வைத்திருப்பது, மாநில அரசின் சொந்தச் செலவில் விலையில்லா அரிசி பெறும் அட்டை. அது தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும். தகுதியுள்ள அட்டையே இருந்தாலும், பெற்ற அரிசியை எங்கே பொங்குவது? உலை இல்லாதவருக்கு விலையில்லா அரிசி ஒரு மூட்டை மட்டுமே. ஒன்றிய அரசு ஊழியருக்குத் தீவுப் பணிக்கான தனிப்படி உண்டு. தலைநிலத்தைவிடக் கூடுதலான வாழ்க்கைச் செலவை அரசு ஒப்புக்கொண்டதற்கு அதுவே சான்று. அதே மேசையில் எதிரே அமர்ந்து அதே சாப்பாட்டை உண்ணும் நாட்கூலிக்கு அப்படியொரு படி இல்லை.

ஆகவே விலை உயரும்போது இருவரும் ஒரே வகையில் நடந்துகொள்வதில்லை. ஊழியர் வீட்டுச் சாப்பாட்டுக்கோ டிபனுக்கோ மாறுகிறார். கூலித்தொழிலாளி மாறுவதில்லை, மாற இடமில்லை. அவர் ஒருவேளையைத் தேநீரும் பன்னுமாகச் சுருக்கி, மதியச் சாப்பாட்டை விடாமல் பற்றிக்கொள்கிறார். விலை ஏறியும் விற்பனை குறையவில்லை என்பதைக் கண்டு, மக்கள் அந்த விலையைத் தகுந்ததாக ஏற்றுக்கொண்டனர் என்று முடிவு செய்வது எளிது. வேறு வழி இல்லாதவரின் வரவை ஒப்புதலாக எண்ணுவது பழைய பிழை. சிறைப் பொதுச் சமையலை ஆதரித்த அதிகாரிகளும், கைதிகள் உண்கிறார்கள் என்பதையே அதன் வெற்றிக்குச் சான்றாகக் காட்டியிருக்க முடியும். மெஸ் சிறையன்று, அங்கு உண்பவர் எழுந்து வேறு கடைக்குப் போகலாம். ஆயினும் பக்கத்துக் கடைக்கும் அரிசி அதே கப்பலில்தான் வருகிறது.

மாணவர்கள் எவரேனும் இத்திசையில் ஆய்வைத் தொடர விரும்பினால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறையிலிருந்து தொடங்கலாம். ஒன்றாக வாழ்ந்து, பொதுவான ஒரு சமையலறையிலிருந்து உண்பவர்களின் தொகுதியே அதில் 'குடும்பம்'. உறவில்லாதோர் ஒரு நிறுவனத்தில் தங்கிப் பொதுச் சமையலில் உண்டால் அது 'நிறுவனக் குடும்பம்' எனப்படுகிறது. அதற்கு அவ்வரையறை தரும் எடுத்துக்காட்டுகளின் பட்டியலில் மெஸ்ஸும் விடுதியும் ஓட்டலும் இருக்கின்றன. அதே பட்டியலில், சில சொற்கள் தள்ளி, சிறையும் இருக்கிறது. அறை ஓரிடத்திலும் உலை வேறிடத்திலுமாக வாழும் போர்ட் பிளேர்த் தொழிலாளியைக் கணக்கெடுப்பாளர் எந்த வகையில் எழுதுகிறார் என்பது இதுவரை யாரும் கவனமாகக் கேளாத கேள்வி. 2027 கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் சமையலறை பற்றிய கேள்வி கேட்கப்படும்போது, அந்த ஐந்து பேர் அறையில் யார் என்ன விடை சொல்வார்கள் என்பதைப் பதிவு செய்தாலே நல்லதொரு ஆய்வேடு தொடங்கிவிடும்.